ஒற்றைக் குழாயா, இரட்டைக் குழாயா? காரின் சைலன்சரை மாற்றுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஒரு நாள் காலையில் காரைக் கிளப்பும்போது, வழக்கத்துக்கு மாறாகப் பின்புறத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்கிறது. பட்டறையில் காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தால், சைலன்சரின் அடிப்பகுதி துருவேறி ஓட்டை விழுந்திருக்கிறது. மாற்றத்தான் வேண்டும் என்று முடிவான அந்த நேரத்தில்தான், "எப்படியும் செலவு செய்யப் போகிறீர்கள், டபுள் எக்ஸாஸ்டாகவே போட்டுவிடுங்கள், பிக்கப் கூடும்" என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர், "அப்படிச் செய்தால் பேக் பிரஷர் போய்விடும், இழுவையே இருக்காது" என்பார். (பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையை எதிர்த்து நிற்கும் அழுத்தம்.) இருவரும் உறுதியாகத்தான் பேசுவார்கள். இருவரும் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் எந்தக் காருக்கு, எந்த இடத்தில் பிரியும் குழாய்க்கு, எந்த வேகத்தில் என்ற கேள்விகளை இருவருமே கேட்பதில்லை.

காரின் பின்னால் நின்று பார்த்தால் தெரியும் குழாய் முனைகளின் எண்ணிக்கையை வைத்து, அந்தக் காரின் புகைவழி எப்படிப்பட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் மையக் கருத்து. புகைவழி எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது, அதற்கு முன்னால் எத்தனை இடங்களில் ஒன்றாக நெருக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். இயந்திரவியல் படிக்காதவரும் இதைப் புரிந்துகொள்ளலாம். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

புகை எந்த வழியாக வெளியே வருகிறது?

இன்ஜினின் சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து எரிந்து முடிந்ததும், மிஞ்சிய சூடான வாயு வெளியேற வேண்டும். அதற்கென்று ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கும் வால்வு திறக்க, வாயு முதலில் மேனிபோல்ட் என்ற பகுதிக்கு வருகிறது. பல சிலிண்டர்களின் வாய்களிலிருந்து வரும் புகையை ஒரே குழாய்க்குள் சேர்க்கும் கிளைக்குழாய்த் தொகுதிதான் மேனிபோல்ட். அடுத்தது கேட்டலிடிக் கன்வர்ட்டர். நச்சு வாயுக்களை வேதிவினையால் தீங்கு குறைந்தவையாக மாற்றும் தேன்கூடு போன்ற அமைப்பு அது. அதன் பிறகு நீண்ட குழாய் ஒன்று காரின் அடிப்பகுதி வழியே பின்னோக்கிச் செல்கிறது. அதன் முடிவில், சத்தத்தை அடக்கும் உலோகப் பெட்டி இருக்கிறது. மஃப்ளர் என்றும் சொல்லப்படும் அந்தப் பெட்டியைத்தான் நாம் சைலன்சர் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். சைலன்சரிலிருந்து வெளியே நீளும் கடைசித் துண்டு டெயில் பைப்.

இவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இருக்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வரிசையில் இருக்கும் எந்த ஒரு பகுதி மிகவும் நெருக்கலாக இருக்கிறதோ, அதுவே மொத்த ஓட்டத்தையும் கட்டுப்படுத்தும். கடைசியில் இருக்கும் சைலன்சரையும் டெயில் பைப்பையும் மட்டும் மாற்றும் ஒருவர், வரிசையின் வால்பகுதியில்தான் கைவைக்கிறார்.

நடைபாதையும் வாசல்களும்

நூறு பேர் இருக்கும் ஒரு கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்திலிருந்து வெளியேற நீண்ட, குறுகலான நடைபாதை ஒன்றே ஒன்று இருக்கிறது. நடைபாதையின் முடிவில் ஒரு வாசல். கூட்டம் மெதுவாக வெளியேறுகிறது என்று கருதி, அந்த முடிவில் இன்னொரு வாசலையும் திறந்து வைத்தால் என்ன ஆகும்? நடைபாதையே இடம் கொடாதபோது வாசல் இரண்டானாலும் கூட்டம் முன்போலத்தான் வெளியேறும். இதற்கு மாறாக, கூடத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனி நடைபாதைகளும் அவற்றுக்குத் தனித்தனி வாசல்களும் இருந்தால், கூட்டம் உண்மையிலேயே இரண்டாகப் பிரிந்து விரைவாக வெளியேறும்.

இரட்டை எக்ஸாஸ்ட் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை உண்மையில் மூன்று வகை. முதல் வகையில், இன்ஜினின் இரு பக்கங்களிலிருந்தும் தனித்தனிக் குழாய் கிளம்பி, தனித்தனிக் கன்வர்ட்டர், தனித்தனி சைலன்சர் வழியாக இறுதி வரை செல்கிறது. இதையே முழு இரட்டை எக்ஸாஸ்ட் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வகையில், இன்ஜினிலிருந்து வருவது ஒரே குழாய். அது காரின் பின்பகுதியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு சைலன்சர்களுக்குச் செல்கிறது, அல்லது ஒரே சைலன்சருக்குள் நுழைந்து இரண்டு வாய்களாக வெளியே வருகிறது. மூன்றாவது வகையை வகை என்று சொல்வதே அதிகம்: பம்பரில் இரண்டு பளபளப்பான முனைகள் இருக்கும், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஒன்றின் பின்னால் அடைத்த பிளாஸ்டிக் தெரியும்.

சுருக்கமாகச் சொன்னால், முதல் வகை நடைபாதையையே இரண்டாக்குகிறது. இரண்டாவது வகை வாசலை மட்டும் இரண்டாக்குகிறது. மூன்றாவது வகை சுவரில் வாசலின் படத்தை ஒட்டுகிறது.

புகை துடித்துத் துடித்து வருகிறது

குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல் புகையும் சீராக ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இன்ஜினுக்கு அருகில் நிலைமை அப்படி இல்லை. ஒவ்வொரு முறை வால்வு திறக்கும்போதும், சிலிண்டருக்குள் வளிமண்டலத்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் அடைபட்டிருந்த வாயு ஒரு வெடிப்பாக வெளியே பாய்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழலும்போது, இப்படி ஒரு நொடிக்கு 100 துடிப்புகள் வெளியேறுகின்றன. இந்த அழுத்த அலை, சூடான வாயுவுக்குள் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் முன்னே ஓடுகிறது. வாயு அதைவிட மிக மெதுவாகப் பின்தொடர்கிறது.

வேகமாகச் செல்லும் பேருந்து ஒன்று சாலையோரச் சருகுகளைக் கடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். பேருந்து கடந்த மறுகணம், சருகுகள் எழுந்து அதன் பின்னாலேயே ஓடும். அது விட்டுச் சென்ற இடத்தில் காற்றழுத்தம் சற்றுக் குறைவதால், சுற்றியிருப்பவை அங்கே இழுக்கப்படுகின்றன. புகைக்குழாயிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்த புகைத்திரள் தனக்குப் பின்னால் குறைந்த அழுத்தத்தை விட்டுச் செல்கிறது. அதே கணத்தில் அடுத்த சிலிண்டரின் வால்வு திறந்தால், அதன் புகையும் சேர்த்து இழுக்கப்படுகிறது. தவிர, முன்னே ஓடிய அழுத்த அலை குழாய் அகலமாகும் இடத்தை எட்டியதும், அதன் ஒரு பகுதி குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. அது சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால், சிலிண்டரில் மிஞ்சிய புகையையும் வெளியே இழுத்து, புதிய காற்று உள்ளே வர வழிவிடுகிறது. இந்த இழுப்புக்கு ஸ்கேவெஞ்சிங் என்று பெயர். கழிவைத் துடைத்தெடுத்தல் என்று புரிந்துகொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த இழுப்பின் பெரும்பகுதி மேனிபோல்டிலும், குழாய்கள் ஒன்றுசேரும் சந்திப்பிலும்தான் தீர்மானமாகிறது. கன்வர்ட்டரின் தேன்கூட்டைத் தாண்டி சைலன்சரை எட்டும்போது துடிப்புகள் மழுங்கி, ஓட்டம் ஓரளவு சீராகிவிடுகிறது. ஆகவே, சைலன்சரின் பக்கத்தில் குழாயை இரண்டாக்குவதால் இந்த இழுப்பு கூடிவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை.

பேக் பிரஷர் என்ற குழப்பம்

புகை வெளியேறும் வழியில் அதை எதிர்த்து நிற்கும் அழுத்தமே பேக் பிரஷர். "இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்" என்ற பேச்சைப் பட்டறைகளில் அடிக்கடி கேட்கலாம். நேராகச் சொல்ல வேண்டுமானால், நான்கு ஸ்ட்ரோக் கார் இன்ஜினுக்கு எதிர்ப்பழுத்தத்தால் நன்மை எதுவும் இல்லை. பிஸ்டன் தன் உழைப்பில் ஒரு பங்கைப் புகையைத் தள்ளுவதற்கே செலவிட வேண்டியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

அப்படியானால் அந்தப் பேச்சு எப்படி வந்தது? அதற்கு நேர்மையான காரணம் இருக்கிறது. தேவைக்கு மேல் அகலமான குழாயைப் போட்டவர்கள், குறைந்த வேகத்தில் காரின் இழுவை குறைந்துவிட்டதைத் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். எதிர்ப்பு குறைந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று முடிவு கட்டினார்கள். உண்மையில், குழாய் அகலமானதும் அதற்குள் வாயுவின் வேகம் குறைந்தது; வேகம் குறைந்ததும் முன்பு சொன்ன இழுப்பு பலவீனமானது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருந்த காலத்து வண்டிகளில் இன்னொரு காரணமும் சேர்ந்தது: புகைவழி மாறியதும் உள்ளே வரும் காற்றின் அளவும் மாறும், ஆனால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை யாரும் மாற்றாமல் விட்டார்கள். கண்ட விளைவு உண்மை. அதற்குச் சொன்ன காரணம்தான் பிசகு. இன்ஜினுக்குத் தேவைப்படுவது வாயுவின் நல்ல வேகம். எதிர்ப்பு என்பது அந்த வேகத்துக்காக நாம் விருப்பமின்றிக் கொடுக்கும் விலை.

ஒரு சிறு கணக்கு

இந்த இடத்தில் கணக்குப் போட்டுப் பார்ப்பது, பத்துப் பேரிடம் கருத்துக் கேட்பதைவிடப் பயனுள்ளது. 1,500 சி.சி. இன்ஜின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சுகிறது. 6,000 சுற்று வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திய நிலையில், அது நொடிக்கு ஏறத்தாழ 75 லிட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்று எரிந்து 500 டிகிரி செல்சியஸ் புகையாக வெளியே வரும்போது, வெப்பத்தால் இரண்டரை மடங்கு விரிந்து 190 லிட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. 50 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில் இது நொடிக்கு 100 மீட்டருக்கு நெருங்கிய வேகம்.

இப்போது அதே காரை நகர நெரிசலில் ஓட்டுவோம். 2,000 சுற்று, ஆக்சிலரேட்டரில் கால் லேசாகத்தான் படிந்திருக்கிறது. உள்ளே வரும் காற்று, அந்தச் சுற்று வேகத்தில் வரக்கூடிய முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே குழாயில் புகையின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. குழாய் தரும் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும் அல்லது குறையும் தன்மையுடையது. வேகம் பத்தில் ஒன்றானால் எதிர்ப்பு ஏறத்தாழ நூறில் ஒன்றாகிறது. நூறில் ஒரு பங்கு எதிர்ப்பை மேலும் குறைக்க ஒருவர் இன்னொரு சைலன்சரை வாங்கிப் பொருத்துகிறார் என்றால், அன்றாட ஓட்டத்தில் அதன் பலனை அவரால் உணர முடியாது. மைலேஜ் கூடும் என்ற வாக்குறுதியும் இந்த இடத்திலேயே உதிர்ந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 60 மில்லிமீட்டர் குழாய் ஒன்றின் குறுக்குப் பரப்புக்கு ஈடு செய்ய, 42 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட குழாய்கள் இரண்டு வேண்டும். பரப்பு சமமாக இருந்தாலும், இரண்டு குழாய்களின் உட்சுவர்ச் சுற்றளவு ஒற்றைக் குழாயைவிட 41 சதவீதம் அதிகம். சுவர் கூடினால் உராய்வும் வெப்ப இழப்பும் கூடும். மறுபுறம், 50 மில்லிமீட்டர் குழாயை 60 மில்லிமீட்டராக மாற்றினாலே பரப்பு 44 சதவீதம் உயர்ந்துவிடுகிறது. ஓட்டத்துக்கு இடம் வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், சற்று அகலமான ஒற்றைக் குழாய் பெரும்பாலும் எளிய வழி. டர்போ, அதாவது புகையின் விசையால் சுழன்று காற்றை உள்ளே தள்ளும் கருவி, பொருத்திய இன்ஜின்களுக்கும் இது பொருந்தும். அந்தக் கருவியில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான் அதைச் சுழற்றுகிறது என்பதால், அதற்குப் பின்னால் எதிர்ப்பு குறைவது அங்கே உண்மையான பலன் தரும். அந்தப் பலனையும் அகலமான ஒரே குழாய் கொடுத்துவிடும்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: எதிர்ப்பு என்பது உயர்ந்த சுழற்சி வேகத்தில் மட்டும் தலைதூக்கும் சிக்கல், அதைத் தீர்மானிப்பது குழாயின் பரப்பும் வரிசையில் உள்ள மிகக் குறுகலான பகுதியும்தான். பின்னால் எத்தனை முனைகள் தெரிகின்றன என்பதற்கு அதில் பங்கு இல்லை.

அப்படியானால் இரட்டைக் குழாய் ஏன் வந்தது?

அது அலங்காரமாகப் பிறக்கவில்லை. வி வடிவ இன்ஜினில் சிலிண்டர்கள் இரண்டு வரிசைகளாக எதிரெதிரே சாய்ந்து நிற்கின்றன; ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மேனிபோல்ட். இரண்டு மேனிபோல்ட் இருக்கும்போது, ஒன்றின் குழாயை இன்ஜினுக்கு அடியில் வளைத்துக் கொண்டுபோய் மற்றதோடு இணைப்பதைவிட, இரண்டையும் அப்படியே பின்னோக்கிக் கொண்டுசெல்வது இயல்பானது. 1955-ஆம் ஆண்டு செவ்ரோலெட் நிறுவனம் தன் வி8 (எட்டு சிலிண்டர் வி வடிவ) இன்ஜினை 162 குதிரைத்திறனில் விற்றது; இரட்டை எக்ஸாஸ்ட் அடங்கிய கூடுதல் தொகுப்போடு வாங்கினால் 180 குதிரைத்திறன் கிடைத்தது. இரட்டைக் குழாய்க்கு வலிமையின் அடையாளம் என்ற பெயர் வந்தது இத்தகைய வண்டிகளால்தான். ஆனால் அந்தத் தொகுப்பில் நான்கு தொண்டை கொண்ட பெரிய கார்புரேட்டரும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. உள்ளே அதிகக் காற்று வந்தது, ஆகவே வெளியேறவும் அதிக வழி தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்த பலன் அது.

இருபது ஆண்டுகள் கழித்து நடந்த மாற்றம் இன்னும் தெளிவான பாடம். அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகி, கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தபோது, 1975-ஆம் ஆண்டுக் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இரு பக்கக் குழாய்களும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு ஒரே கன்வர்ட்டருக்குள் விடப்பட்டன. அதைத் தாண்டியதும் வழி மீண்டும் இரண்டாகப் பிரிந்து, பின்னால் இரு முனைகளாக வெளியே வந்தது. பின்னால் நின்று பார்த்தவருக்கு எந்த வேறுபாடும் தெரிந்திருக்காது. நடைபாதை ஒன்றாகிவிட்டது, வாசல்கள் மட்டும் இரண்டாகவே இருந்தன.

முழு இரட்டை எக்ஸாஸ்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான வி8 கார் இன்ஜின்களில், ஒரு வரிசையில் உள்ள நான்கு சிலிண்டர்கள் சம இடைவெளியில் எரிவதில்லை. இன்ஜின் சுழற்சியில் 90, 180, 270, 180 டிகிரி என்று இடைவெளி மாறி மாறி வருகிறது. அத்தகைய கார்களின் கடகடத்த முழக்கத்துக்கு இதுவே காரணம். ஒரு பக்கத்தில் இரண்டு துடிப்புகள் நெருங்கி வரும்போது, மறு பக்கக் குழாய் ஓய்வாக இருக்கும். இரு குழாய்களையும் இடையில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் நெருக்கடி பகிர்ந்துகொள்ளப்படும். எச் எழுத்துபோல் இணைத்தால் எச் பைப், எக்ஸ் எழுத்துபோல் இணைத்தால் எக்ஸ் பைப். இரண்டையும் முற்றிலும் பிரித்து வைப்பதைவிட ஓரிடத்தில் பேசவிடுவது நல்லது என்று இன்ஜினியர்கள் கண்டது, 'இரண்டு என்றால் தானாகவே மேல்' என்ற எண்ணத்துக்கு நல்ல மறுப்பு.

நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் இருக்கும் இன்ஜினில் மேனிபோல்டும் ஒன்றே. அத்தகைய காரில் சைலன்சரை மாற்றும்போது முழு இரட்டை எக்ஸாஸ்ட் என்பது சாத்தியமே இல்லை. கிடைப்பது பின்பகுதியில் பிரியும் இரண்டாவது வகை மட்டுமே. இன்று சாலையில் ஓடும் சிறிய, நடுத்தரக் கார்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பிரிவில் அடங்கும்.

சத்தம் வேறு, சக்தி வேறு

சைலன்சர் சத்தத்தை இரு வழிகளில் அடக்குகிறது. ஒன்று, உள்ளே அறைகளைத் தடுத்து, ஒலி அலைகளை எதிரொலிக்கச் செய்து ஒன்றையொன்று தணிக்க வைப்பது. மற்றொன்று, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை போன்ற பஞ்சை அடைத்து, ஒலியை அதற்குள் வெப்பமாகக் கரையவிடுவது. அறைகள் கொண்டது அதிக அமைதி தரும், ஆனால் புகை வளைந்து வளைந்து செல்ல வேண்டும். நேர்குழாயும் பஞ்சும் கொண்டது புகையைத் தடையின்றி விடும், ஆனால் தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாக அடக்காது.

இரட்டை எக்ஸாஸ்ட் போட்டதும் கார் வேகமாகிவிட்டது என்று பலரும் மனதார நம்புவதற்கு, இந்தத் தாழ்ந்த ஒலியே காரணம் என்று நினைக்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முழக்கம் எழுகிறது. உடல் அதை வேகமாகவே உணர்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் வேகம் கூடியதா என்பதைக் காதால் அளக்க முடியாது. அதே முழக்கம் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காகக் காருக்குள் நின்றுகொண்டு தலைவலியைத் தரும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வாகன இரைச்சலுக்கு ஐ.நா.வின் 51-ஆம் எண் விதிமுறையும், மாற்றிப் பொருத்தும் சைலன்சர்களுக்கு 59-ஆம் எண் விதிமுறையும் இருக்கின்றன. இவற்றையோ தங்கள் சொந்தச் சட்டத்தையோ பல நாடுகள் பின்பற்றுகின்றன. கன்வர்ட்டரைக் கழற்றிவிடுவது பல நாடுகளில் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த நச்சைச் சுவாசிக்கப் போவது பின்னால் வருபவர்கள்.

துரு எங்கிருந்து வருகிறது

சைலன்சரை மாற்ற வேண்டி வந்ததே துருவினால்தான் என்பதால், இதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நியாயம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. குளிர்ந்த காலையில் காரைக் கிளப்பியதும் டெயில் பைப்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவது இந்தத் தண்ணீர்தான். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வெளியேறாமல் உள்ளேயே தங்கும் தண்ணீரைப் பற்றி.

கழற்றிப் போட்ட பழைய சைலன்சர் ஒன்றை அறுத்துத் திறந்து பார்த்தால், விஷயம் விளங்கும். மேல்பாதியில் தகடு இன்னும் தடிமனாக, சாம்பல் நிறத்தில் மெல்லிய கரி படிந்து நன்றாகவே இருக்கும். கீழ்ப்பாதியில், இரு தகடுகள் மடித்து இணைந்த விளிம்பை ஒட்டி, செம்பழுப்புச் சேறு படிந்திருக்கும். விரலால் தேய்த்தால், தகடு காய்ந்த இலைபோல் ஏடு ஏடாக உதிரும். தண்ணீர் எந்த மட்டம் வரை தேங்கி நின்றது என்பதற்கு ஒரு கோடே விழுந்திருக்கும். துரு வெளியிலிருந்து உள்ளே போகவில்லை, உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது. தயாரிப்பாளர்கள் பல சைலன்சர்களின் அடியில் ஒரு சிறு துளை விட்டிருப்பது இந்தத் தண்ணீர் வடிவதற்காகத்தான். அதை ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடுபவர்களும் உண்டு.

நீண்ட தூரம் ஓடும்போது சைலன்சர் முழுவதும் சூடாகி, தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று குறுகிய ஓட்டங்களே ஓடும் காரில் அது நடப்பதில்லை. இங்கேதான் இரட்டை அமைப்பு ஒரு பலவீனத்தைக் காட்டுகிறது: ஒரே அளவு வெப்பம் இரண்டு பெட்டிகளுக்கும் பங்கிடப்படுவதால், இரண்டும் சூடாக அதிக நேரம் பிடிக்கிறது. பிரியும் இடத்திலிருந்து தொலைவில் இருக்கும் பெட்டி இன்னும் குளிராக இருந்து முதலில் துருப்பிடிக்கிறது. அலுமினியம் பூசிய எஃகோ துருப்பிடிக்காத எஃகோ ஆயுளைக் கூட்டும். அதே பணத்தில் சாதாரண எஃகில் இரண்டு சைலன்சர் கிடைக்கும், நல்ல எஃகில் ஒன்று கிடைக்கும் என்ற நிலை வந்தால், தயங்காமல் ஒன்றையே வாங்குங்கள் என்பேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சிலிண்டர்கள் ஒரே வரிசையில் இருக்கும் மூன்று அல்லது நான்கு சிலிண்டர் கார், அன்றாடப் பயணம், முன்பு இருந்ததும் ஒற்றைக் குழாய் என்றால், ஒற்றைக் குழாயிலேயே நில்லுங்கள். எடை கூடாது, வெல்டிங் இடங்களும் தாங்கும் ரப்பர்களும் குறைவு, கசிவதற்கான வாய்ப்பும் குறைவு. ஆர்வத்தோடு ஓட்டுபவராக இருந்து ஓட்டம் எளிதாக வேண்டும் என்று விரும்பினால், உட்தடைகள் குறைந்த நல்ல சைலன்சரும், மூலக் குழாயைவிடச் சற்றே அகலமான குழாயும் போதும். சற்றே என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வி6 அல்லது வி8 இன்ஜினோடு, தொழிற்சாலையிலிருந்தே முழு இரட்டை எக்ஸாஸ்டாக வந்த காரானால், அதை அப்படியே தொடர்வதுதான் முறை. பணம் மிச்சம் என்று ஒரு பக்கத்தை மூடி ஒன்றாக்கினால், இரண்டு குழாயின் புகையையும் தாங்கும் அகலம் அந்த ஒற்றைக் குழாய்க்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பெரும்பாலும் இருக்காது. இரண்டு சைலன்சரில் ஒன்று மட்டும் கெட்டிருந்தாலும், மற்றதன் அடி விளிம்பையும் தட்டிப் பார்த்துவிடுங்கள். அதே வயதுடைய அது நெடுநாள் தாங்குவது அரிது.

ஒற்றைக் குழாய்க் காரை இரட்டையாக்க விரும்புபவர், தோற்றத்துக்காகவும் ஒலிக்காகவும்தான் விரும்புகிறேன் என்று தெரிந்தே செய்தால் அதில் தவறில்லை. விரும்பியதை வாங்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் இரண்டாவது சைலன்சர் வைக்க வேண்டிய பக்கத்தில் ஸ்டெப்னி வைக்கும் குழியோ பெட்ரோல் டேங்கோ இருக்கலாம். குழாய்க்கும் டேங்குக்கும் பிளாஸ்டிக் பம்பருக்கும் இடையே போதிய இடைவெளியும் வெப்பத்தைத் தடுக்கும் தகடும் இருக்கிறதா என்பதை வரைபடத்தில் அல்ல, காரைத் தூக்கி நிறுத்தி நேரில் பார்க்க வேண்டும். விற்பவரிடம் வழி எங்கே பிரிகிறது, குழாயின் உள்விட்டம் எவ்வளவு, என்ன உலோகம் என்ற மூன்றையும் கேளுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அங்கே வாங்க வேண்டாம்.

பொருத்திய பின்

எந்த வகையைப் பொருத்தினாலும், காரை எடுப்பதற்கு முன் இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் காதை வைத்துக் கேட்க வேண்டும். சீறலோ டிக் டிக் என்ற சத்தமோ கேட்டால் அங்கே புகை கசிகிறது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, கசிவின் வழியாகக் காருக்குள் நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. டெயில் பைப்பின் முனை பம்பரைத் தாண்டி வெளியே நீள வேண்டும் என்பதும் இதற்காகத்தான். முனை உள்ளடங்கியிருந்தால், புகை காரின் அடியிலேயே சுழன்று டிக்கியின் இடுக்குகள் வழியே உள்ளே வரும். குழாயைக் கையால் அசைத்துப் பார்க்கும்போது ரப்பர்கள் ஆட வேண்டும், ஆனால் குழாய் உடற்பகுதியில் எங்கும் இடிக்கக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும் நேரத்தில் குழாய் இணைப்புகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சூடாகி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் அவை சற்றுத் தளர்ந்திருக்கும். அப்போது இணைப்புகளைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். புது உலோகத்தின் மீது கரிக்கோடு ஒன்று மெல்லியதாக விழுந்திருந்தால், அந்த இடத்தில், இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் சரியாக அமரவில்லை.